பாதுகாப்பும் வசதியும்: திறந்த மூல இயங்குதளங்களைப் பற்றிய பாடம்

கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டன. அவற்றுள் சாம்பியன் ரீஃப் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழமுடையது. ஆழ்சுரங்கங்களில் ஆட்களை இறக்கும் கூண்டை அதில் நிற்பவர் தாமே இயக்குவதில்லை. மணியால் குறிப்புத் தரப்படும்; மேலேயுள்ள இயந்திர ஓட்டுநர் அதன்படி கூண்டை நகர்த்துவார். இதனால் சிறிது காலம் செலவாகும். ஆயினும் ஒருவருடைய பிழை பலர் உயிருக்கு உலை வைக்காமல் தடுக்கப்படுகிறது. உளியை எடுக்கும்போதெல்லாம் மணியடிக்க வேண்டுமென்றால் வேலையே நடவாது. ஆகவே, எங்கே அனுமதி கேட்பது, எங்கே கேளாது விடுவது என்பதே வினா. மேசைக் கணிப்பொறியிலும் இவ்வினாவே எழுகிறது.

அதிகாரப் பகுப்பு

மூல நிரலை யாவரும் படிக்கவும் திருத்தவும் இடந்தரும் இயங்குதளத்தைத் திறந்த மூல இயங்குதளம் என்கிறோம். சென்னையிலுள்ள சி-டாக் நிலையம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கி, 2007-இல் வெளியிட்ட ‘பாஸ்’ லினக்ஸ் இவ்வகையினது. இதில் ஒவ்வொரு கோப்புக்கும் உரியவர், குழுவினர், ஏனையோர் என மூவகையினர் உண்டு. படித்தல், எழுதுதல், இயக்குதல் என்னும் மூன்று உரிமைகள் இவர்களுக்குத் தனித்தனியே வரையறுக்கப்படுகின்றன. இவ்வரம்புகளுக்கு மேற்பட்டவர் ‘ரூட்’ என்னும் தலைமைப் பயனர்.

எப்பொழுதும் ரூட்டாகவே பணிபுரிவது எளிது. ஆனால், தவறான ஒரு கட்டளையோ தீய நிரலோ கணிப்பொறி முழுவதையும் பாழாக்கிவிடும். சிறு காரியத்திற்கும் வெளியேறி மீண்டும் ரூட்டாக நுழைய வேண்டுமென்றால், மக்கள் சலித்து ரூட்டாகவே தங்கிவிடுவர். தாங்கவொண்ணாத காவல் காவலன்று.

1980-இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் எழுதப்பட்ட ‘சூடோ’ என்னும் நிரல் இவ்விரண்டுக்கும் நடுவழி காட்டிற்று. பயனர் தம் சொந்தக் கடவுச்சொல்லைத் தந்து, ஒரு கட்டளைக்கு மட்டும் தலைமை உரிமை பெறுகிறார். அடுத்த சில நிமிடங்களுக்கு அதே சாளரத்தில் கடவுச்சொல் மீண்டும் கேட்கப்படுவதில்லை. அச்சில நிமிடங்களே வசதிக்கு அளிக்கப்பட்ட பங்கு. 2004-இல் வெளிவந்த உபுண்டு, ரூட் நுழைவை இயல்பாகவே பூட்டிவைத்து, இம்முறையைப் பொதுவழக்காக்கிற்று.

புதுமையும் நிதானமும்

நிரல் திறந்திருப்பதொன்றே காவலாகாது. 2024 மார்ச்சில், நுழைவுக்கு வழக்கத்தைவிட ஏறக்குறைய அரை விநாடி கூடுதலாவதைக் கண்ட ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்னும் பொறியாளர் அதன் காரணத்தைத் துருவினார். ‘எக்ஸ்-இசட்’ என்னும் சுருக்க நிரலின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளவழி ஒன்று மறைத்து வைக்கப்பட்டிருந்தது வெளிப்பட்டது. டெபியனின் சோதனைப் பதிப்புகளில் அது புகுந்திருந்தது, நிலைப்பதிப்பில் புகவில்லை. மூலம் திறந்திருந்ததால் ஆராய முடிந்தது. ஆராய ஒருவர் முன்வந்ததால் தீமை விலகிற்று. எனினும், பாதுகாப்புத் திருத்தங்களைத் தள்ளிப்போடுவதும் கேடே. நிலைப்பதிப்பை வைத்துக்கொண்டு, அத்திருத்தங்களை மட்டும் உடனுக்குடன் ஏற்பது நன்று.

பள்ளியில் கடைப்பிடிக்க வேண்டியவை

1. ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் தனிக்கணக்கு வேண்டும். மாணவர் கணக்கிற்குச் சூடோ உரிமை வேண்டா.
2. கடவுச்சொல் கேட்கப்படும்போது, எதற்காகக் கேட்கப்படுகிறது என்பதைப் படித்த பின்னரே தருக.
3. நிரல்களை இயங்குதளத்தின் அதிகாரபூர்வக் களஞ்சியத்திலிருந்தே நிறுவுக.
4. வெளியே எடுத்துச் செல்லும் மடிக்கணினியின் வட்டை மறையாக்கம் செய்க. அதன் திறவுச்சொல் மறந்துபோனால் மதிப்பெண் பதிவுகளை மீட்க இயலாது. ஆதலால் அச்சொல்லை முத்திரையிட்ட உறையில் தலைமையாசிரியரிடம் ஒப்படைத்து, பதிவுகளின் படியொன்றையும் தனியே பத்திரப்படுத்துக.

வினாக்கள்

1. எல்லா ஆசிரியரும் ஒரே கடவுச்சொல்லைப் பயன்படுத்தினால், ஒரு பதிவு அழிந்தபோது அழித்தவரை எவ்வாறு அறிவது?
2. உங்கள் பள்ளிக் கணிப்பொறியில் சலிப்பினால் கைவிடப்பட்ட காவல் எது? அதை எளிதாக்கி மீண்டும் நடைமுறைக்குக் கொணர்வது எங்ஙனம்?