உள்ளுறை வெப்பம்

தேனி மாவட்டத்தில், சுரபி ஆற்றின் கரையில் அமைந்த ஊர் குச்சனூர். அங்குள்ள சனீசுவரர் கோவிலில் ஆடிச் சனிக்கிழமைகளில் பெருந்திரளான மக்கள் கூடுவர். நல்லெண்ணெய் விளக்குகள் நிரைநிரையாக எரியும். அவற்றுள் ஒன்றைக் கூர்ந்து நோக்கினால், வெப்பத்தைக் கொள்ளுதலும் உமிழ்தலும் ஒரே சுடரில் நிகழ்வதை அறியலாம்.

திரி எண்ணெயை மேலே ஈர்க்கிறது. ஆனால், நீர்மமாக உள்ள எண்ணெய் அப்படியே எரிவதில்லை. சுடரின் வெப்பத்தை ஏற்று, முதலில் அது சிதைந்து ஆவியாகிறது. இது வெப்பம் கொள்ளும் மாற்றம். அந்த ஆவி காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து எரிவது வெப்பம் உமிழும் வினை. மூலக்கூறுகளின் பழைய பிணைப்புகளை அறுக்க ஆற்றல் செலவாகும். புதிய பிணைப்புகள் தோன்றும்போது ஆற்றல் வெளிப்படும். எரிதலில் வரவே மிகுதி. அவ்வரவின் ஒரு பங்கு அடுத்துவரும் எண்ணெயை ஆவியாக்குவதால்தான் சுடர் அணையாமல் நிற்கிறது.

வெப்பத்தைக் கொண்ட பொருள் சூடேறியே தீரவேண்டும் என்பதில்லை. நீர் கொதிக்கத் தொடங்கியபின் அடுப்பை எவ்வளவு எரித்தாலும் வெப்பமானி 100 பாகை செல்சியசைத் தாண்டுவதில்லை. அவ்வெப்பம் எங்கே செல்கிறது? 1760களில் இவ்வினாவை ஆராய்ந்தவர் ஸ்காட்லாந்தில் பணியாற்றிய ஜோசப் பிளாக். நிலைமாற்றத்திற்குச் செலவாகி, வெப்பமானிக்குப் புலப்படாமல் மறைந்திருக்கும் இவ்வெப்பத்தைத் தமிழில் உள்ளுறை வெப்பம் என்கிறோம். சொல்லின் புறத்தே தோன்றாது உள்ளே உறையும் பொருளைத் தொல்காப்பியர் உள்ளுறை என்றார். இத்துணைப் பொருத்தமாக அமைந்த அறிவியல் கலைச்சொற்கள் சிலவே.

கொதிநிலையிலுள்ள ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2260 ஜூல் வெப்பம் வேண்டும். நீராவி மீண்டும் நீராகும்போது அத்தனையும் திரும்ப வெளிப்படும். இட்லிக் கொப்பரையின் மூடியைத் திறக்கும்போது கையில் படும் ஆவி, அதே அளவு கொதிநீரைவிடக் கடுமையாகச் சுடுவது இதனாலேயே. மூடியைத் தம் பக்கம் சாய்க்காமல் எதிர்ப்பக்கமாகச் சாய்த்துத் திறப்பது நம் வீட்டுப் பெண்கள் பட்டறிவால் கண்ட இயற்பியல்.

மண்பானையில் நடப்பது இதன் மறுதலை. நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது, தனக்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஒரு கிராம் நீர் இவ்வாறு ஆவியானால், உள்ளிருக்கும் ஒரு லிட்டர் நீரின் வெப்பநிலையை அரைப் பாகைக்குச் சற்று மேல் குறைக்க முடியும். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் பானை நீர் அவ்வளவாகக் குளிர்வதில்லை, ஆவியாதல் தளர்ந்துவிடுகிறது.

மனித உடலும் இத்தகைய பானையே. கம்பம் பள்ளத்தாக்கின் நெல்வயல்களில் நடவு செய்வோரின் உடலை வியர்வை குளிர்விக்கிறது. ஆனால், சொட்டி வழிந்தோடும் வியர்வையால் பெரும்பயன் இல்லை. தோலின்மேல் ஆவியாகும் வியர்வையே வெப்பத்தைக் கொண்டுசெல்கிறது. ஆகவே, வெயில் மங்கியிருந்தாலும் காற்று அசையாமல் புழுங்கும் நாளில் உடல்வெப்பம் வெளியேற வழியின்றித் தேங்கும். தலைசுற்றலோ குமட்டலோ தோன்றினால் வேலையை உடனே நிறுத்தி, நிழலில் அமரச்செய்து, உடலை ஈரத்துணியால் துடைத்து விசிறவேண்டும். மயங்கினால் காலம் தாழ்த்தாது மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.