பாராட்டுப் பலகையில் யாருக்கு இடம்?



சென்ற ஆண்டு விழாவுக்காக நம் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தேன். 'நம் நாட்டின் விளையாட்டுப் பெருமக்கள்' என்ற தலைப்பில் ஆளுக்கு ஒரு படம் கொண்டு வர வேண்டும். அதன் கீழே தமிழில் பத்து வரி எழுத வேண்டும். எல்லாவற்றையும் ஒரு பலகையில் ஒட்டி மண்டபத்துச் சுவரில் மாட்டுவதாக ஏற்பாடு. தியான் சந்த் வந்தார், பி.டி. உஷா வந்தார், விசுவநாதன் ஆனந்த் வந்தார். 1952-ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் மல்யுத்தத்தில் வெண்கலம் வென்ற நம் மராட்டிய மாநிலத்துக் காஷாபா ஜாதவும் வந்தார். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் முகமது அசாருதீன் படத்தைக் கொண்டு வந்தான். அவன் தாத்தா பத்திரமாக வைத்திருந்த பழைய படம்.

பலகையைப் பார்த்த ஒரு தாயார், "அண்ணா, சூதாட்ட விவகாரத்தில் ஆயுள் தடை வாங்கியவரைப் பெருமக்கள் வரிசையில் வைத்தால் பிள்ளைகள் என்ன கற்றுக்கொள்வார்கள்?" என்று கேட்டார். பையனின் முகம் வாடிவிட்டது. "சார், அந்தத் தடையைக் கோர்ட்டே தள்ளிவிட்டதே!" என்றான்.

இருவர் சொன்னதும் உண்மைதான். எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. படத்தைப் பலகையிலிருந்து எடுத்து மேசை டிராயரில் வைத்துவிட்டு, "அடுத்த வாரம் பேசலாம்" என்றேன். அந்த ஒரு வாரத்தில் நான் படித்ததும் யோசித்ததும்தான் இந்தப் பாடம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த விஷயத்தில் நான் முழு நடுநிலையாளன் அல்ல. 1985 ஜனவரியில் பொங்கலுக்கு மதராஸ் போயிருந்தபோது, சேப்பாக்கத்தில் இங்கிலாந்துக்கு எதிராக அசாருதீன் அடித்த 105 ஓட்டங்களை நேரில் பார்த்தவன் நான். இந்தியா அந்த ஆட்டத்தில் தோற்றது. ஆனாலும் அந்த மணிக்கட்டுத் திருப்பலை இன்றுவரை மறக்க முடியவில்லை. முதல் மூன்று டெஸ்டுகளிலும் சதம் அடித்த அந்த இளைஞரைப் பற்றி, ஊர் திரும்பும் ரயிலில் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தேன்.

நடந்தது என்ன?

அசாருதீன் ஆடியது 99 டெஸ்டுகள். எடுத்தது 6215 ஓட்டங்கள், 22 சதங்கள். 1992, 1996, 1999 ஆகிய மூன்று உலகக் கோப்பைகளிலும் இந்திய அணித் தலைவர். 2000-ல் ஆட்டங்களின் முடிவை முன்கூட்டியே பேசி வைக்கும் சூதாட்டம் வெடித்தது. தென்னாப்பிரிக்க அணித் தலைவர் ஹான்சி குரோனியே ஆயுள் தடை பெற்றார். மத்தியப் புலனாய்வுத் துறையின் அறிக்கைக்கும் தன் சொந்த விசாரணைக்கும் பிறகு, இந்தியக் கிரிக்கெட் வாரியம் 2000 டிசம்பர் 5-ம் தேதி அசாருதீனுக்கு ஆயுள் தடை விதித்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2012 நவம்பரில், ஆந்திர உயர்நீதிமன்றம் அந்தத் தடை சட்டப்படி செல்லாது என்று ரத்து செய்தது. அப்போது அவருக்கு வயது 49. மறுபடி மட்டை பிடிக்கும் வயது அல்ல.

சர்வதேசக் கிரிக்கெட் மன்றம் 2009-ல் 'ஹால் ஆஃப் ஃபேம்' என்ற புகழ் மண்டபத்தைத் தொடங்கியது. பேடி, கவாஸ்கர், கபில் தேவ் தொடங்கி 2025-ல் தோனி வரை இந்தியர்கள் பலர் அதில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். அந்த வரிசையில் அசாருதீன் பெயர் இல்லை.

மண்டபத்துக்கு மண்டபம் விதி வேறு

புகழ் மண்டபம் என்ற வழக்கம் அமெரிக்காவில் வேரூன்றியது. அங்கேயே இரண்டு விளையாட்டுகள் இரண்டு விதமாக நடந்துகொள்கின்றன. பேஸ்பால் மண்டபத்துக்கு வாக்களிக்கும் பத்திரிகையாளர்கள் ஆட்டத் திறமையோடு நேர்மை, குணம் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. பீட் ரோஸ் என்பவர் 4256 முறை பந்தை வெற்றிகரமாக அடித்தவர். இன்றுவரை யாரும் அதைத் தாண்டவில்லை. ஆனால் தன் அணியின் ஆட்டங்களின் மீதே பந்தயம் கட்டினார் என்று 1989-ல் நிரந்தரத் தடை பெற்றார். 2024-ல் இறக்கும் வரை அவருக்கு மண்டபக் கதவு திறக்கவில்லை. 2025 மே மாதத்தில்தான், இறந்தவர்களுக்கு இந்தத் தடை இனி இல்லை என்று அறிவித்தார்கள்.

அமெரிக்கக் கால்பந்து மண்டபமோ களத்தில் நடந்ததை மட்டும் பார்க்கச் சொல்கிறது. 1985-ல் அதில் சேர்ந்த ஓ.ஜே. சிம்ப்சன் மீது பின்னர் இரட்டைக் கொலை வழக்கு வந்தது. 1995-ல் குற்றவியல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. 1997-ல் சிவில் நீதிமன்றம் அந்த மரணங்களுக்கு அவரே பொறுப்பு என்றது. 2008-ல் வேறொரு கொள்ளை வழக்கில் சிறை சென்றார். எது நடந்தபோதும் மண்டபத்தில் அவர் சிலை இருந்த இடத்திலேயே இருந்தது.

ஆக, 'நடத்தையைப் பார்க்கலாமா, கூடாதா?' என்பதற்கு முன்னால் வேறொரு கேள்வி நிற்கிறது. நம் பலகை எதைச் சொல்ல வந்தது? 'இவர் நன்றாக ஆடினார்' என்றா? 'இவரைப் போல இரு' என்றா? முதலாவது ஒரு கணக்குப் புத்தகம். அதில் யார் பெயரையும் அழிக்க முடியாது. இரண்டாவது பாராட்டு, பாராட்டுக்கு நிபந்தனை உண்டு. நம் நாட்டு அர்ஜுனா விருது விதிகள்கூட ஆட்டத் திறமையோடு விளையாட்டுப் பண்பையும் ஒழுங்கையும் கேட்கின்றன. பிள்ளைகள் எழுதிய தலைப்பில் 'பெருமக்கள்' என்ற சொல் இருந்தது. எனவே நம் பலகை இரண்டாவது வகைதான்.

பூனா தரும் எச்சரிக்கை

அப்படியானால் குணத்தைப் பார்த்துவிட வேண்டியதுதானே என்று தோன்றும். இங்கேதான் நம் ஊர்க் கதை ஒன்று குறுக்கே நிற்கிறது.

1876-ல் பிறந்த பல்வாங்கர் பாலு, தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவர். இந்தப் பூனாவில் பார்சிகளின் கிரிக்கெட் சங்கத்தில் மாதம் மூன்று ரூபாய்க்கு ஆடுகளம் பெருக்கி உருட்டும் வேலை பார்த்தார். பிறகு வெள்ளையர் கிளப்பில் நான்கு ரூபாய். அங்கே வலையில் ஆங்கிலேயர்களுக்குப் பந்து வீசி வீசியே பெரிய சுழற்பந்து வீச்சாளர் ஆனார். வெள்ளையரை வெல்ல வேண்டும் என்ற ஆசையில் பூனாவின் இந்து சங்கத்தார் அவரை அணியில் சேர்த்துக்கொண்டார்கள். களத்தில் அவர் தொட்ட பந்தை எல்லாரும் தொட்டார்கள். ஆனால் தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே, மண் குவளையில். 1911-ல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தவர் அவர். அப்படியும் இந்து அணியின் தலைமைப் பதவி அவருக்குத் தரப்படவில்லை. 1923-ல் தம்பி விட்டலுக்குத்தான் அது கிடைத்தது.

பாலு எந்தத் தவறும் செய்யவில்லை. ஆட்டத்துக்கு வெளியே இருந்த ஒன்றைக் காட்டித்தான் அவரை வெளியே உட்கார வைத்தார்கள். 'நடத்தை', 'குணம்', 'தகுதி' என்ற சொற்களை எழுதாமல், வரையறுக்காமல் விட்டால், தேர்ந்தெடுப்பவரின் மனதில் இருக்கும் வெறுப்பெல்லாம் அந்தச் சொற்களுக்குள் புகுந்துகொள்ளும். சாதி புகும், மதம் புகும், பெண் என்றால் உடையும் மண வாழ்க்கையும் புகும்.

இதைப் படித்தபோது என் மேசை டிராயர் ஞாபகம் வந்தது. விதி ஒன்றும் இல்லாமல், காரணம் ஒன்றும் சொல்லாமல், ஒரு பையனின் கண்முன்னே படத்தை எடுத்து உள்ளே வைத்தேனே, அது என்ன நியாயம்?

எது குற்றம், யார் சொல்வது?

குற்றங்கள் எல்லாம் ஒரே வகையல்ல. ஆட்டத்தை விற்பதும் ஊக்கமருந்து உண்பதும் ஆட்டத்துக்கே செய்யும் துரோகம். அங்கே ஓட்டக் கணக்கே சந்தேகத்துக்கு உள்ளாகிறது. இரண்டாவது, களத்துக்கு வெளியே பிறர் உடலுக்கும் உயிருக்கும் செய்யும் தீங்கு. இதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் நவ்ஜோத் சிங் சித்து. 51 டெஸ்டுகள் ஆடியவர். 1988-ல் பாட்டியாலாவில் சாலைத் தகராறு ஒன்றில் முதியவர் ஒருவர் உயிரிழந்தார். 1999-ல் கீழ் நீதிமன்றம் சித்துவை விடுதலை செய்தது. 2006-ல் உயர்நீதிமன்றம் மூன்றாண்டுச் சிறை என்றது. 2018-ல் உச்சநீதிமன்றம் காயம் விளைவித்த குற்றத்துக்கு ஆயிரம் ரூபாய் அபராதம் மட்டும் விதித்தது. 2022-ல் அதே உச்சநீதிமன்றம் மறுபரிசீலனையில் ஓராண்டுக் கடுங்காவல் விதித்தது. சிறை சென்று 2023 ஏப்ரலில் வெளியே வந்தார்.

34 ஆண்டுகளில் நான்கு தீர்ப்புகள்! நாம் எந்த ஆண்டில் பலகை வைத்தோம் என்பதைப் பொறுத்து நம் முடிவும் மாறியிருக்கும். ஆகவே வதந்தியை நம்பி இறக்கவும் கூடாது. ஒரு முறை ஏற்றியதை இறக்கவே மாட்டோம் என்று பிடிவாதமும் கூடாது.

முடிவு செய்பவர் யார் என்பதும் முக்கியம். ஐதராபாத் மைதானத்தில் ஒரு பகுதிக்கு அசாருதீன் பெயர் சூட்டப்பட்டிருந்தது. அதை நீக்கும்படி 2025 ஏப்ரலில் அந்தக் கிரிக்கெட் சங்கத்தின் குறைதீர்ப்பு அதிகாரி உத்தரவிட்டார். அதற்குக் காரணம் பழைய சூதாட்டப் புகார் அல்ல. சங்கத் தலைவராக இருந்தபோது தன் பெயரைச் சூட்டும் முடிவில் தானே பங்கேற்றார் என்பதுதான். அசாருதீன் அதை எதிர்த்து உயர்நீதிமன்றம் சென்றார்.

நாங்கள் எழுதிய விதி

அடுத்த ஞாயிறு பிள்ளைகளையும் பெற்றோரையும் உட்கார வைத்து, எந்தப் பெயரையும் சொல்லாமல், முதலில் விதியை எழுதினோம். ஆட்டத்தை விற்றது சட்டப்படி நிலைநாட்டப்பட்டால் பலகையில் இடமில்லை. பிறருக்குப் பெருந்தீங்கு செய்ததை நீதிமன்றம் உறுதி செய்தால் இடமில்லை. வதந்தி, பிறப்பு, மதம், உடை, சொந்த வாழ்க்கை இவை கணக்கில் வரா. சேர்த்தாலும் நீக்கினாலும் காரணம் எழுதப்பட வேண்டும். புதிய தீர்ப்பு வந்தால் மறுபடி பேச வேண்டும்.

ஒரு தந்தை கேட்டார்: "தண்டனை அனுபவித்து முடித்தவரையும் ஒதுக்குவதா?" நல்ல கேள்வி. தண்டனை முடிந்தவர் வேலை செய்யலாம், நம்மோடு உட்கார்ந்து சாப்பிடலாம். அதெல்லாம் அவருடைய உரிமை. பாராட்டு உரிமையல்ல, நாம் விரும்பிக் கொடுப்பது. கொடுக்காமல் இருப்பது இரண்டாவது தண்டனை ஆகாது என்று நான் பதில் சொன்னேன். அவர் பாதிதான் ஏற்றுக்கொண்டார்.

பிறகுதான் டிராயரைத் திறந்தேன். விதிப்படி அசாருதீன் படம் பலகைக்குத் திரும்பியது. ஆனால் பத்து வரி போதவில்லை. தடை வந்த தேதியையும் காரணத்தையும், அது ரத்தான ஆண்டையும் சேர்த்துப் பையன் பதினான்கு வரி எழுதினான். கேள்வி கேட்ட தாயார் நின்று படித்தார். "எனக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை அண்ணா. ஆனால் எதையும் மறைக்கவில்லை. என் பெண் இதைப் படிக்கட்டும்" என்றார். பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. பிள்ளைகளே பாலுவின் படத்தைத் தேடிக் கொண்டு வந்து அதில் ஒட்டினார்கள்.

வீட்டில் பேசிப் பார்க்க

1. உங்களுக்கு மிகவும் பிடித்த வீரர் ஒருவர் இந்த விதியால் நீக்கப்பட்டால் விதியை மாற்றுவீர்களா? பிடிக்காத ஒருவர் விதிப்படி இடம் பெற்றால்?

2. வழக்கு நடந்துகொண்டிருக்கும் வீரரின் படத்தைப் புதிதாகச் சேர்க்கலாமா? ஏற்கெனவே இருப்பதை என்ன செய்வது?

3. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் போற்றிய ஒரு விளையாட்டு வீரரைப் பற்றி, நிறையும் குறையும் மறைக்காமல் தமிழில் பதினான்கு வரி எழுதுங்கள். வகுப்புக்குக் கொண்டு வந்தால் நானும் படிக்கிறேன்.