கன்றிலே கனியை அறிதல்

சிவகாசி என்றதும் பட்டாசும் தீப்பெட்டியும் நம் நினைவிற்கு வரும். அவ்வூர் அமைந்த விருதுநகர் மாவட்டத்திலேயே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், இராசபாளையம், திருவில்லிபுத்தூர் ஆகிய ஊர்களைச் சார்ந்து மாந்தோப்புகளும் உள்ளன. அங்கு விளைந்த இனிய கனியொன்றின் கொட்டையை ஊன்றினால், அதே சுவையுள்ள மரம் கிடைக்குமா? பெரும்பாலும் கிடைக்காது. கொட்டையில் தாய்மரத்தின் இயல்போடு, மகரந்தம் தந்த மரத்தின் இயல்பும் கலந்திருக்கும். ஆதலின் உழவர் ஒட்டுக்கன்றுகளையே நடுகின்றனர்.

இவ்வாறு இயல்புகள் கலப்பதையே அறிஞர் நன்மையாக்கிக்கொண்டனர். தென்னாட்டு நீலம் ஆண்டுதோறும் காய்ப்பது. வடநாட்டுத் தசேரி சுவை மிக்கது. ஆயினும் ஓராண்டு நிறையக் காய்த்து மறு ஆண்டு ஓய்வது. புதுதில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தார் இவ்விரண்டையும் கலந்து மல்லிகா, ஆம்ரபாலி என்னும் புதிய வகைகளைத் தோற்றுவித்தனர். பெற்றோர் ஒருவரே, ஆயினும் மல்லிகாவின் கனி பெரிது, ஆம்ரபாலியின் மரம் குட்டையானது.

நல்லியல்புகள் ஒன்றுகூடிய இத்தகைய கன்று மிக அரிதாகவே தோன்றும். விதைக்கன்று காய்க்கவோ பல ஆண்டுகள் ஆகும். அதுவரை நீர் பாய்ச்சிக் காத்த மரம் புளித்த கனியைத் தந்தால், நிலமும் உழைப்பும் காலமும் வீணாகும் அன்றோ?

இக்குறையைக் குறைக்க உதவுவதே மரபணு வரைபடம். மாமரத்தின் உயிரணுவில் 20 இணைக் குரோமோசோம்கள் உள்ளன. இயல்புகளை வகுக்கும் மரபணுக்கள் அவற்றில் வரிசையாக அமைந்துள்ளன. அருகருகே உள்ளவை பெரும்பாலும் சேர்ந்தே சந்ததிக்குச் செல்லும். தொலைவில் உள்ளவை அடிக்கடி பிரியும். எத்தனை கன்றுகளில் பிரிந்தன என்று எண்ணியே அவற்றின் இடைத்தொலைவைக் கணிப்பர். இம்முறையில் முதல் வரைபடத்தை 1913இல் பழ ஈயைக் கொண்டு ஸ்டர்ட்டிவன்ட் என்பார் வெளியிட்டார். மாவிற்கு 2017இல் வெளியான வரைபடமொன்று, ஏழு கன்றுக் குடும்பங்களை ஆராய்ந்து, 726 மரபுக் குறிகளை 20 தொகுதிகளாக வரிசைப்படுத்திற்று.

விரும்பும் இயல்போடு சேர்ந்து வரும் குறி இன்னதெனத் தெரிந்துவிட்டால், இளங்கன்றின் ஓர் இலையைச் சோதித்தே அது வளர்க்கத்தக்கதா எனப் பெரிதும் கணிக்கலாம். எனினும், விளைச்சல் போன்ற இயல்புகளைப் பல மரபணுக்களும், மண்ணும் மழையும் சேர்ந்தே வகுக்கின்றன. ஆதலின் தேர்ந்த கன்றையும் தோட்டத்தில் வளர்த்துப் பார்த்த பின்னரே உழவர்க்கு வழங்குதல் வேண்டும். வரைபடம் வழிகாட்டும், அவ்வழியே நடப்பதற்குப் பொறுமையும் உழைப்பும் வேண்டும்.