துயிலின்மையும் அதனை நீக்கும் வழிகளும்

மக்கள் வாழ்நாளில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு துயிலிற் கழிகின்றது. அதனை வீண்போகும் காலமென்று கருதி, தேர்வு நெருங்குந்தோறும் மாணவராகிய நாம் முதற்கண் குறைப்பது அதனையே. பின்னர், விளக்கணைத்துப் படுத்தும் கண் மூடாது புரண்டு கிடக்கும் இரவுகள் வருகின்றன. துயில் வலிந்து இழுப்பார்க்கு அகப்படுவதன்று; பகலெல்லாம் அதற்கு ஆயத்தஞ் செய்தாரைத் தானே நாடி வருவது. இவ்வுண்மையை இக்கட்டுரையில் ஆராய்வாம்.

துயிலை ஆள்வன இரண்டு. ஒன்று துயில்வேட்கை. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்னும் பொருள் சிறிது சிறிதாகத் திரள்கின்றது. அது மிகுந்தொறும் கண் அயர்கின்றது. உறங்க உறங்க அது குறைகின்றது. மற்றொன்று உடலின் உட்கடிகாரம். கண்வழிப் புகும் ஒளியைக் கொண்டு அது பகலிரவை அறிந்து, இருள் சூழ்ந்தபின் மெலடோனின் என்னும் சுரப்புநீரின் வாயிலாக இரவின் வரவை உடலுக்கு உணர்த்துகின்றது. இக்கடிகாரம் உயிரணுக்களில் இயங்கும் முறையைக் கண்ட ஹால், ராஸ்பாஷ், யங் என்னும் அமெரிக்க அறிஞர் மூவர்க்கு 2017-ஆம் ஆண்டு மருத்துவத்திற்குரிய நோபல் பரிசு வழங்கப்பெற்றது. இவ்விரண்டும் ஒத்து நடக்குங்கால் துயில் எளிது, முரணுங்கால் அரிது. ஆகவே, நாம் செய்யத்தக்கன யாவும் இவ்விரண்டையும் ஒத்து நடக்கச் செய்தலேயாம்.

முதலாவது, எழும் நேரத்தை வரையறுத்தல். உறங்கும் நேரம் நம் வயத்ததன்று. எழும் நேரமோ நம் வயத்தது. விடுமுறை நாளிலும் அதே நேரத்தில் எழுதல் வேண்டும். எழுந்தவுடன் வெளியே சென்று காலையொளியிற் சிறிது நேரம் உலாவின், உட்கடிகாரம் செம்மைப்படும். இரவில் ஒளியைக் குறைத்தலும், கைப்பேசியைப் படுக்கைக்கு அப்பால் வைத்தலும் இதனோடு சேர்ந்தவை.

இரண்டாவது, காப்பி, தேநீர் அருந்தும் நேரம். இவற்றிலுள்ள காஃபீன், மூளையில் அடினோசின் அமரவேண்டிய இடத்தைத் தான் கவர்ந்துகொள்கின்றது. களைப்பு நீங்குவதில்லை, மறைகின்றது. மாலை 5 மணிக்குப் பருகிய காஃபீனில் ஏறக்குறையப் பாதி இரவு 10 மணிக்கும் உடலில் எஞ்சி நிற்கும். நண்பகலுக்குப்பின் அவற்றை விடுதல் நன்று. பகலுறக்கமும் அரைமணிக்கு மேற்படின் இரவின் துயில்வேட்கையைக் குறைத்துவிடும்.

மூன்றாவது, படுக்கையைத் துயிலுக்கே உரியதாக்குதல். விடுதியில் நமக்குக் கட்டிலே நாற்காலி, அதுவே மேசை, அதுவே அரட்டைக்களம். அங்ஙனமாயின், அதிற் சாய்ந்தவுடன் மனம் உறக்கத்தை எங்ஙனம் நினைக்கும்? பூட்ஸின் என்னும் உளநூலறிஞர் 1972-இல் வகுத்த முறை இதற்கு மருந்தாகும். தூக்கம் வந்தபின்னரே படுத்தல் வேண்டும். ஏறக்குறைய 20 நிமிடத்துள் உறக்கம் வாராதாயின் எழுந்து, மங்கிய ஒளியில் அமைதியான செயலொன்றிற் புகுந்து, கண் அயர்ந்தபின் மீளல் வேண்டும். உடனுறையும் நண்பர் துயிலுங்கால் தாழ்வாரத்து நாற்காலியே இதற்குப் போதும். மணி பாராதிருத்தலும் இன்றியமையாதது. எஞ்சிய நேரத்தைக் கணக்கிடும் மனம் உறங்குவதில்லை. மறுநாட் கவலைகளை மாலையிலேயே தாளில் எழுதிவைத்துவிடலாம்.

இத்துணை முயற்சியும் எதற்கு என்பார்க்கு ஓர் ஆராய்ச்சியைக் காட்டுவாம். 1924-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்போர் நம்மையொத்த மாணவர் இருவரைப் பொருளற்ற அசைகளை மனனஞ் செய்வித்தனர். கற்றபின் விழித்திருந்தபொழுதினும், அதே அளவு நேரம் உறங்கியபொழுது அவர்கள் மறந்தது குறைவு. எனவே, படித்தற்பொருட்டு உறக்கத்தை அறவே துறப்பவன், விதைத்தபின் வயலுக்கு நீர் மறுக்கும் உழவனை ஒப்பான்.

வாரத்தில் மூன்றிரவேனும் துயிலாமை மூன்று திங்கள் தொடருமாயின் மருத்துவரை நாடுக. அவர் சொல்லின்றித் தூக்க மாத்திரையைத் தொடற்க. எண்ணத்தையும் பழக்கத்தையும் திருத்தும் பயிற்சியையே முதற்சிகிச்சையாகக் கொள்ளுமாறு அமெரிக்க மருத்துவர் கல்லூரியும் 2016-இல் அறிவுறுத்தியது.

இப்பழக்கங்கள் ஓரிரவிற் பயன் தாரா. சில கிழமை பொறுத்தல் வேண்டும். தேர்வு வந்தபின் தொடங்குவதினும், நண்பர்காள், நாளைக் காலையிலேயே தொடங்குவோமாக.