கோடரி வைக்குமுன், வேர் கிண்டுமுன்

1991ஆம் ஆண்டு புங்குடுதீவை விட்டு வெளியேறியபோது வீட்டைப் பூட்டினோம், ஆடுமாட்டை அவிழ்த்துவிட்டோம். பனையை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை, அது நின்றது. ஆளில்லாத காணிகளில் வடலிகள் தாமாகவே வளர்ந்தன. ஆகையால் இன்று காணி பார்க்கப் போகிறவரிடம் விலை பேச வருபவர் மரவியாபாரியாகவும் இருக்கலாம். "காணி சும்மாதானே கிடக்குது அண்ணை. வளைக்கும் தீராந்திக்கும் நல்ல மரம். முற்பணம் இப்பவே தாறன்" என்று அவர் சொன்னால், கையில் காசில்லாத நேரத்தில் மறுப்பது இலகுவல்ல.

ஆனால் 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் நாம் அறியவேண்டியது. பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை அனுமதியின்றி வெட்டக்கூடாது. உறுதி உங்கள் பெயரில் இருந்தாலும் இதுவே விதி. வடலி ஆணா பெண்ணா என்பது பாளை வந்த பிறகே தெரியும். அதற்குப் பன்னிரண்டு, பதினைந்து வருடமாவது செல்லும். பாளை காணாத மரத்தை "இது ஆண்பனை" என்று வியாபாரி சொன்னால் அது வெறும் ஊகமே. ஆண்பனையானாலும் கேட்டுவிட்டு வெட்டுவதே புத்தி.

முதலில் கிராம அலுவலரிடம் போங்கள். அவர் மூலம் விண்ணப்பம் பிரதேச செயலாளருக்குச் செல்லும். எமக்கு அது வேலணைப் பிரதேச செயலகம். வெட்ட அனுமதி கிடைத்தாலும் ஏற்றிச் செல்லவும் அனுமதி வேண்டும். தரைவழியாகப் போகும் லொறி வாணர் பாலத்தைத் தாண்டித்தான் ஆகவேண்டும், ஒளிக்க வழியில்லை. பிடிபட்டால், "காணிக்காரர் தந்தது" என்று வியாபாரி உங்கள் கையெழுத்தைக் காட்டக்கூடும். பங்குக் காணியாயின் வெளிநாட்டிலுள்ள சகோதரரின் சம்மதத்தையும் எழுத்தில் பெறுங்கள். பனையால் வழக்கும், வழக்கால் பகையும் வந்த குடும்பங்கள் ஊரில் இல்லாமலில்லை.

இது தீவகத்துக்குப் புதிய சங்கதியல்ல. ஒல்லாந்தர் காலத்தில் எமது மணற்பாங்கான பகுதிகளில் தானாக முளைத்த சாயவேர், துணிக்குச் சிவப்பு ஏற்றப் பயன்பட்டது. அதைக் கிண்டி விற்பது கும்பனியின் ஏகபோகமாக இருந்தது. அன்றைய கட்டுப்பாடு கும்பனியின் இலாபத்துக்காக. இன்றைய சட்டமோ செடிக்காக. இலை பறித்தால் செடி மீண்டும் தளிர்க்கும், வேரைக் கிண்டினால் செடியே போய்விடும். மூலிகை வியாபாரத்தில் வேருக்கும் பட்டைக்கும் கேள்வி வரும்போது இதை நினைவில் வைப்பது நல்லது.

வன்னியில் குடியேறி மூலிகை சேர்த்து விற்போருக்கு இன்னும் இரண்டு சட்டங்கள் உள்ளன. அரச காட்டிலிருந்து மரமோ வேரோ எடுப்பது 1907ஆம் ஆண்டின் காட்டுச் சட்டத்துக்கு உட்பட்டது. வனத் திணைக்கள அனுமதி வேண்டும். 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புச் சட்டம் 1993இலும் 2009இலும் திருத்தப்பட்டது. அதன் அட்டவணையில் பாதுகாக்கப்பட்ட தாவரங்களின் பெயர்கள் உள்ளன. பெயர் தெரியாத செடிக்குத் திடீரென நல்ல விலை வந்தால், அதை வாங்க வந்தவரிடம் கேளாதீர்கள், வனசீவராசிகள் அலுவலகத்தில் கேளுங்கள்.

ஒரு உதாரணம் வல்லப்பட்டை. இது தென்மேற்கு ஈரவலயக் காட்டு மரம். எமது தீவில் இல்லை. அதன் வாசனைப் பிசினுக்கு வெளிநாட்டில் பெருவிலை. 2012க்குப் பின் கட்டுநாயக்க விமான நிலையத்தில் பயணப் பொதிகளிலிருந்து இது பலமுறை பிடிபட்டது. இலங்கை 1979 முதல் சைட்டிஸ் உடன்படிக்கையில் உறுப்புநாடு. இம்மரமும் அதன் பட்டியலில் உள்ளது. சுவிசுக்கோ கனடாவுக்கோ திரும்பும் பிள்ளைகளிடம், "இந்த மருந்துப் பட்டையை ஒருக்கால் கொண்டுபோய்க் குடு தம்பி" என்று யாராவது பொதி நீட்டினால், உள்ளே இருப்பது என்னவென்று தெரியாமல் வாங்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள்.

முற்பணத்துக்குக் கையெழுத்து வைக்குமுன் வியாபாரியிடம் வெட்டும் அனுமதியையும் ஏற்றும் அனுமதியையும் காட்டச் சொல்லுங்கள். எத்தனை மரம், எந்தக் காணி என்பது அதில் உங்கள் உறுதியோடு ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். பிரதியொன்றை வீட்டில் வையுங்கள்.