பிள்ளையை யார் பார்ப்பது?

விடியற்காலையில் இருவரும் வேலைக்குப் புறப்படுகிறீர்கள். கைப்பிள்ளை மூத்த பெண்ணின் இடுப்பில். அன்றைக்கு அவளுடைய பள்ளிக்கூடம் போயிற்று. இதை நாம் கணக்கில் எழுதுவதில்லை.

50 பெண்களுக்குக் குறையாத தேயிலை, காப்பித் தோட்டங்களில் பிள்ளைக் காப்பகம் வைக்கவேண்டுமென 1951-ம் ஆண்டுச் சட்டம் கட்டளையிட்டது. நம் கெங்குவார்பட்டி மாந்தோப்புகள் அதில் அடங்கவில்லை. 2005-ல் இயற்றப்பட்ட நூறு நாள் வேலைச் சட்டமோ எளிய வழி கண்டது: வேலையிடத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட 5 பிள்ளைகள் வந்தால், ஒரு பெண் அவர்களைப் பார்த்துக்கொள்வாள், அவளுக்கும் கூலி உண்டு. பிள்ளை பார்ப்பதும் வேலைதான் என்று ஒப்புக்கொண்டார்கள் அல்லவா?

இரண்டு வயதானால் அங்கன்வாடி இருக்கிறது. அதற்குட்பட்ட பிள்ளைகளுக்காகத் தெருவில் ஐந்தாறு வீட்டார் சேர்ந்து ஒருத்தியை அமர்த்தி, கூலியைப் பங்கிட்டுக் கொடுங்கள். பாட்டி சும்மாதானே இருக்கிறாள் என்று அவள் தலையில் கட்டவேண்டாம்.