வயல் திரும்பும்வரை ஒரு கைத்தொழில்
வாகனக் கதவின் பவர் ஷட்டரைத் திருத்துதல்



ஒரு பெரும்போக விதைப்புக் காலம். விதைநெல் மூட்டைகளை வானில் ஏற்றிக்கொண்டு கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். நிந்தவூரைத் தாண்டும்போது மழை பிடித்தது. கண்ணாடியை ஏற்றச் சுவிட்சை அமத்தினோம். கதவுக்குள் 'கிர்' என்ற சத்தம் மட்டுமே வந்தது, கண்ணாடி வரவில்லை. மூன்று மூட்டை விதைநெல் நனைந்தது. அதன் நட்டம் என்னவென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

முதலில் காட்டிய கராஜில், "மோட்டரோடு முழு ரெகுலேட்டரையும் மாற்ற வேண்டும்; கொழும்பிலிருந்து எடுக்க வேண்டும்" என்றார்கள். பின்னர், காணியை இழந்து இடம்பெயர்ந்த குடும்பத்துத் தம்பி ஒருவர் சிறு கொட்டிலொன்றில் வைத்துக் கதவைத் திறந்து பார்த்தார். "மோட்டரில ஒரு குறையும் இல்ல, பாதர். கண்ணாடியப் பிடிக்கிற பிளாஸ்டிக் துண்டுதான் உடைஞ்சிருக்கு" என்றார். பழைய வாகனம் உடைக்கும் இடத்தில் அந்தத் துண்டு கிடைத்தது. பின்னேரத்துக்குள் வேலை முடிந்தது.

அந்த வேலையையே இப்பாடத்தில் கற்போம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. எனவே பழைய வாகனங்கள் பல இன்னும் ஓடுகின்றன. எமது கரையோரத்தில் உப்புக்காற்று கேபிளையும் வயர் முனைகளையும் அரிக்கிறது. இந்த வேலைக்குத் தேவை இருந்துகொண்டே இருக்கும்.

கதவுக்குள் இருப்பது என்ன?

கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். கதவுக்குள்ளும் ஏறக்குறைய அதே ஏற்பாடுதான். கண்ணாடியே வாளி. கேபிளே கயிறு. கேபிளைச் சுற்றும் உருளையே கப்பி. இழுக்கும் கை, மோட்டர். கண்ணாடியைக் கேபிளோடு பிணைக்கும் பிளாஸ்டிக் துண்டு வாளியின் பிடி போன்றது. பிடி கழன்றால் எவ்வளவு இழுத்தும் வாளி மேலே வராது. அதற்காகக் கப்பியை மாற்றுவோமா?

இன்னொரு வகையில் கேபிள் இல்லை. கத்தரிக்கோல் போன்ற இரும்புக் கைகள் பல்சக்கரத்தால் விரிந்து கண்ணாடியை உயர்த்தும்.

பழுதை எப்படி அறிவது?

1. மோட்டர் சத்தம் உண்டு, கண்ணாடி அசையவில்லை: கேபிள் அறுந்திருக்கும், அல்லது பிளாஸ்டிக் துண்டு உடைந்திருக்கும், அல்லது பற்கள் தேய்ந்திருக்கும்.

2. சத்தமே இல்லை: முதலில் பியூசைப் பாருங்கள். சாரதி பக்கச் சுவிட்ச், அந்தக் கதவின் சுவிட்ச் இரண்டையும் அமத்திப் பாருங்கள். கதவுக்கும் உடலுக்கும் நடுவே இறப்பர் குழாய்க்குள் போகும் வயர், திறந்து மூடுவதால் உள்ளே முறிவதுண்டு. பழைய வாகனமானால் மோட்டரின் இரு வயர் முனைகளிலும் 12 வோல்ட் சோதனை பல்ப்பைப் பிடித்துச் சுவிட்சை அமத்துங்கள். பல்ப் எரிந்தும் மோட்டர் சுற்றாவிட்டால் பழுது மோட்டரில். பல்ப் எரியாவிட்டால் வயர் அல்லது சுவிட்ச் பக்கம் தேடுங்கள்.

3. மெதுவாக ஏறுகிறது: கண்ணாடி ஓடும் இறப்பரில் மணலும் அழுக்கும் சேர்ந்திருக்கலாம். துடைத்துச் சிலிக்கன் தெளியுங்கள். எஞ்சின் ஒயில் பூச வேண்டாம். அது இறப்பரை ஊதிக் கெடுக்கும். பலவீனமான பெட்டரியும் உப்புப் பிடித்த வயர் முனையும்கூட இதற்குக் காரணமாகலாம்.

வேலை செய்யும் முறை

1. கண்ணாடியைக் கையால் மேலே தூக்கி, சட்டத்தோடு டேப்பால் உறுதியாக ஒட்டுங்கள். பெட்டரியின் மறை முனையைக் கழற்றுங்கள். எயார் பேக் உள்ள வாகனமானால் சில நிமிடம் பொறுத்திருங்கள். மஞ்சள் நிற இணைப்புகளைத் தொடாதீர்கள்.

2. கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் திருகாணிகளைக் கழற்றி, கிளிப்புகளை ஒவ்வொன்றாக நெம்பி உட்பலகையை எடுங்கள்.

3. உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழிக்காமல் உரியுங்கள். அதைத் திரும்ப ஒட்டாவிட்டால் மழைநீர் வாகனத்துக்குள் இறங்கும்.

4. ஆணிகள் இருந்த இடத்தை அடையாளமிட்டுக் கழற்றி, ரெகுலேட்டரை வெளியே எடுங்கள். அறுந்த கேபிளுக்கு முடிச்சுப் போடாதீர்கள். முடிச்சு உருளையில் சிக்கும்.

5. கத்தரி வகையில் வலிய சுருள் வில் உண்டு. கைகளை ஆணியால் பூட்டாமல் மோட்டரைக் கழற்றினால், அவை விசையோடு பாய்ந்து விரலை நசுக்கும். இதை மறக்கவே கூடாது.

6. பாதையைத் துடைத்து மெல்லிய கிறீஸ் பூசி மாட்டுங்கள். பெட்டரியை இணைத்து, உட்பலகையை மூடுமுன் பலமுறை ஏற்றி இறக்கிப் பாருங்கள். அப்போது கதவில் கை வைக்கவோ பிள்ளைகள் அருகில் நிற்கவோ விடாதீர்கள்.

கூரையைத் திறந்து மூடும் கார் எமது ஊரில் அரிது. ஆயினும் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகும் எமது இளைஞர்கள் அங்கே அதைக் காணலாம். அதன் கதவில் கண்ணாடிக்கு மேல் சட்டம் இல்லை. எனவே கண்ணாடி கூரை இறப்பரில் சரியாகப் பொருந்த வேண்டும். அளவு ஆணிகளின் இடத்தை அடையாளமிடாமல் தளர்த்தக் கூடாது. அவற்றுட் பலவற்றில் கதவைத் திறக்கும்போது கண்ணாடி சிறிது இறங்கி, மூடியதும் ஏறும். ரெகுலேட்டர் கெட்டால் கதவே சரியாக மூடாது.

நேர்மையே முதல்

கதவுக்குள் நடப்பதை வாகனக்காரர் காண்பதில்லை. ஆகவே வேலைக்கு முன் பழுதைக் காட்டிச் செலவைச் சொல்லுங்கள். கழற்றிய பழைய துண்டை அவர் கையிலேயே கொடுங்கள். பத்து ரூபாய்ப் பழுதை ஆயிரம் ரூபாய்ப் பழுதாக்குபவரிடம் ஆள் இரண்டாம் முறை வராது.

அனுபவத்தால் வேலை பழகியவர்கள், முன்கற்றலை மதிப்பிடும் முறையில் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் பெற வழியுண்டு. செய்த வேலைகளைத் திகதியோடு கொப்பியில் எழுதி வையுங்கள்.

"மண்வெட்டி பிடித்த கை சாவி பிடிப்பதா? வேறு தொழிலுக்குப் போனால் காணியை விட்டுவிட்டதாகி விடாதா?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். அது நியாயமான துயரம். ஆனால் தொழில் பழகுவது காணியைக் கைவிடுவதாகாது. உறுதியையும் பெர்மிட்டையும் பழைய பற்றுச்சீட்டுகளையும் பிரதி எடுத்துப் பத்திரமாக வையுங்கள், கேட்பதை நிறுத்தாதீர்கள். புனித யோசேப்பு தச்சர். தாவூது நபி இரும்பால் கவசம் செய்தவர் என முஸ்லிம் சகோதரர்கள் போற்றுவர். கையால் உழைத்து உண்பது எந்த மார்க்கத்திலும் இழிவல்ல. உழைத்து வயிறு நிறைந்த குடும்பமே தன் காணிக்காக நெடுநாள் நின்று பேசும்.

கூடிப் பேச

1. எமது முகாமில், கிராமத்தில் எந்தத் திருத்த வேலைகளுக்கு வெளியூர் போகிறோம்?
2. பம்பு, உழவு இயந்திரம் திருத்தத் தெரிந்த எவர் எமது இளைஞருக்கு இவ்வேலையைப் பழக்கலாம்?
3. நான்கு குடும்பம் சேர்ந்து ஒரு சாவிப்பெட்டி வாங்க முடியுமா?
4. எமது காணிப் பத்திரங்கள் இன்று எங்கே இருக்கின்றன?